வெயிட் ஏறவில்லை, கால் பிடிக்கிறது, முட்டி வலிக்கிறது: எதை முதலில் பார்ப்பது?

வடசென்னையில் கபடிப் பிள்ளைகளுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் எடைப் பயிற்சி கொடுத்து வருகிறேன். வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், குறைகள் மாறுவதில்லை. "மாஸ்டர், ஒரு மாசமா ஸ்குவாட் ஏறவே மாட்டேங்குது" என்று ஒருவன் வந்து நிற்பான். ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். கூடவே வந்த அப்பா, போனில் ஒரு பவுடர் டப்பாவின் படத்தைக் காட்டி, "இதை வாங்கிக் கொடுக்கலாமா சார்?" என்பார்.

அந்த டப்பாவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் தட்டிலோ தூக்கத்திலோ பயிற்சி நோட்டிலோ விடை கிடைத்துவிடும். இன்னொரு பக்கம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டியதை எண்ணெய் போட்டு உருவியே ஒரு மாதம் கடத்துகிறவர்களும் உண்டு. இரண்டுமே பிள்ளைகளின் ஒரு சீசனைத் தின்றுவிடும்.

உங்கள் குறை எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில். ஒன்றைச் சரிசெய்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்து அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கையில் ஒரு நோட்டு, ஒரு எடை மெஷின், ஒரு சாக்பீஸ் இருந்தால் போதும்.

## வெயிட் ஏறாமல் நின்றுவிட்டது

தூக்குகிற வெயிட் மூன்று வாரமாவது நோட்டில் ஒரே எண்ணில் இருந்தால்தான் இதைக் குறை என்று எடுத்துக்கொள்வேன். நோட்டே இல்லை என்றால் இன்றிலிருந்து எழுத ஆரம்பித்து, மூன்று வாரம் கழித்து இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

### முதலில்: உண்மையிலேயே நின்றதா?

ராடைப் பாருங்கள். ஏழடி ஒலிம்பிக் ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. உள்ளூர்ப் பட்டறையில் செய்த ராடு எட்டு கிலோவும் இருக்கும், பன்னிரண்டும் இருக்கும். ஜிம் மாறியிருந்தாலோ, அதே ஜிம்மில் வேறு ராடு எடுத்திருந்தாலோ உங்கள் கணக்கு அங்கேயே தப்பியிருக்கும். பிளேட்டில் 20 என்று அச்சடித்திருப்பதெல்லாம் 20 இல்லை. ஒருமுறை எல்லாவற்றையும் எடை மெஷினில் வைத்துப் பார்த்து, உண்மையான எடையைச் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

அடுத்தது, எவ்வளவு ஆழம் இறங்குகிறீர்கள் என்பது. போனைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். போன மாதம் பாதியில் எழுந்தவன் இந்த மாதம் தொடை தரைக்கு இணையாக இறங்கி எழுகிறான் என்றால், எண் அதேதான் இருந்தாலும் பலம் கூடியிருக்கிறது. அவனுக்கு இந்தப் பகுதி தேவையில்லை.

### ஸ்குவாட், பெஞ்ச் எல்லாமே நின்றது, உடம்பு எடையும் இறங்குகிறது

சாப்பாடு போதவில்லை. இந்த அடையாளம் இருந்தால் வேறு காரணம் தேடி அலைய வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் எடை பாருங்கள். மூன்றின் சராசரி வாரா வாரம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

இப்போது நான் அதிகம் பார்ப்பது, சாதத்தைக் குறைத்தவர்கள். வயிற்றில் கட்டு தெரிய வேண்டும் என்று மதியம் ஒரு கரண்டி சாதத்தோடு எழுந்துவிடுகிறார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறவருக்கே உடம்பு எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும். காலை, மாலை இரண்டு வேளையும் கிரவுண்டில் இருப்பவருக்கு 6 முதல் 10 கிராம். 60 கிலோ பையனுக்கு 6 கிராம் என்று வைத்தாலும் 360 கிராம் ஆகிறது. வடித்த சாதம் 100 கிராமில் இருப்பது சுமார் 28 கிராம்தான். சாதம், இட்லி, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கை எட்ட முடியும்.

இரண்டு பயிற்சிக்கு இடையில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், முடித்த கையோடு சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். முதல் நான்கு மணி நேரத்துக்கு, மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ பையனுக்கு நான்கு இட்லியும் ஒரு வாழைப்பழமும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துப் பங்கு. வீட்டுக்குப் போய்க் குளித்து, பஸ் பிடித்து, கல்லூரிக்குப் போய் பதினொன்றரைக்குச் சாப்பிடுவது மாலைப் பயிற்சியைக் கெடுக்கும். பையில் டப்பா கட்டிக்கொண்டு வாருங்கள்.

எடைப் பிரிவு உள்ள விளையாட்டு என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஜூனியர் கபடியிலும் குத்துச்சண்டையிலும் எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் தண்ணீரை நிறுத்தி, பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு வெயிலில் ஓடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. 1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தது இப்படி எடை இறக்கும்போதுதான். அது குளிர்காலத்தில் நடந்தது. நம் ஊர் வெயிலில் இதைச் செய்யச் சொல்கிற யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் சரி. வாரத்துக்கு அரை கிலோ என்று இரண்டு மாதம் முன்பே இறக்க ஆரம்பிக்கலாம். அப்படியும் முடியவில்லை என்றால் அந்தப் பிரிவு உங்களுக்கு உரியதில்லை. வளர்கிற பிள்ளைக்கு மேல் பிரிவுதான் சரி.

### உடம்பு எடை அப்படியே இருக்கிறது, வெயிட் மட்டும் நின்றது

இங்கே நான் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?"

கபடியில் ரைடு போகிற ஒரு பையன் இரண்டு மாதம் ஒரே எடையில் நின்றான். நான் பயிற்சியை மாற்றிப் பார்த்தேன், செட்டைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அம்மாவோடு காசிமேடு போய் மீன் கூடை ஏற்றிவிட்டு, அங்கிருந்து நேராக ஐந்தரைக்குக் கிரவுண்டுக்கு வருகிறான் என்று. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எடைப் பயிற்சியை மாலைக்கு மாற்றி, மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கச் சொன்னேன். ஐந்தாவது வாரம் ஸ்குவாட் நகர ஆரம்பித்தது. அன்றிலிருந்து, என்னிடம் வரும் எந்தப் பிள்ளையிடமும் பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வீட்டு நிலவரத்தைக் கேட்டுவிடுகிறேன்.

பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10. பத்து நாள், படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். ஆறு மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால் இதற்குக் கீழே எதையும் படிக்க வேண்டாம், அதைச் சரிசெய்யுங்கள்.

தூக்கம் சரி என்றால் புரதத்தை எண்ணுங்கள். பலம் கூட வேண்டியவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ பையனுக்கு நாளுக்கு சுமார் 96 கிராம். காலையில் இட்லி சாம்பார், மதியம் சாதம் குழம்பு பொரியல், சாயங்காலம் டீயும் பன்னும், ராத்திரி தோசை என்று நம் வீடுகளில் ஓடுகிற சாப்பாட்டை எண்ணிப் பார்த்தால் நாற்பதைச் சுற்றித்தான் நிற்கிறது. மீதியை நிரப்ப மூன்று முட்டை (18 கிராம்), அரை லிட்டர் ஆவின் நீலப் பாக்கெட் பால் (16 கிராம்), உலர்ந்த நிலையில் 50 கிராம் மீல் மேக்கர் (26 கிராம்) போதும். மூன்றும் மளிகைக் கடையில் கிடைப்பவை. முட்டை சாப்பிடாத வீடு என்றால் ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் சேருங்கள். எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளாமல் நான்கு வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். காலை டிபன்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். இட்லியோடு இரண்டு முட்டை வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

அடுத்து ஓட்டம். காலையில் மெரினா மணலில் ஓடிவிட்டு ஒரு மணி நேரத்தில் கால் வெயிட் அடித்தால் ஏறாது. கடினமான ஓட்டத்தையும் கால் வெயிட்டையும் ஒரே நாளில் வையுங்கள், ஆனால் நடுவில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். மறுநாள் முழுக்க லேசான வேலை.

### ஒரே ஒரு பயிற்சியில் மட்டும் நின்றது

இது பெரும்பாலும் பிளேட் பிரச்சினை. பல சிறிய ஜிம்களில் 5 கிலோவுக்குக் கீழே பிளேட் இருக்காது. பக்கத்துக்கு ஐந்து என்றால் ஒரே தாவலில் 10 கிலோ. 50 கிலோ பெஞ்ச் போடுகிறவனுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. எப்படி ஏறும்? ஒன்று, 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எடையை மாற்றாமல் ரெப்பை, அதாவது ஒரு செட்டில் தூக்கும் எண்ணிக்கையை, ஏற்றுங்கள். ஐந்து ரெப் எட்டு ரெப் ஆன பிறகு அடுத்த பிளேட்.

ஓய்வையும் பாருங்கள். கனமான செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் வேண்டும். மாலை ஏழு மணி நெரிசலில் ஒரு ரேக்குக்கு ஆறு பேர் நின்றால், பின்னால் நிற்கிறவனுக்காக அவசரப்பட்டு ஒரே நிமிடத்தில் அடுத்த செட்டை எடுக்கிறோம்.

### எல்லாம் சரியாக இருக்கிறது, இன்னும் ஏறவில்லை

ஒரு வாரம் எடையைக் குறைக்காமல் செட்டைப் பாதியாக்குங்கள். ஓய்வெடுத்து வந்த வாரத்தில் சாதனை வைத்தவர்கள் என்னிடம் நிறைய. வாரம் ஒருமுறை சுவரில் சாக்பீஸ் தடவிய விரலால் எம்பித் தொட்டு உயரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் களைப்பு சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகுதான் கடை. பதினெட்டு வயது தாண்டியவர், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் என்றால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற பொடியை நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுக்கலாம். இதில்தான் பலன் உறுதியாகத் தெரிகிறது, விலையும் குறைவு. உடம்பில் தண்ணீர் பிடித்து ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கூடலாம் என்பதால் எடைப் பிரிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும். புரதப் பவுடர் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம், அவ்வளவுதான். ஒரு ஸ்கூப்பில் இருப்பது நான்கு முட்டையின் அளவு. முட்டை வேக வைக்க நேரமில்லாதவருக்கு அது வசதி.

மாநில, தேசிய அளவில் ஆடுகிறவர்கள் இன்னும் ஒன்றை மனதில் வையுங்கள். ஊக்கமருந்துப் பரிசோதனையில் உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு. "டப்பாவில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது" என்பது உங்களை முழுதாகக் காப்பாற்றாது. லேபிள் இல்லாத பொடி, பிரித்து விற்கிற பொடி, ஜிம்மில் யாரோ கொடுக்கிற மாத்திரை, ஊசி எதையும் தொடாதீர்கள். தடைசெய்த மருந்து கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரும் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் முத்திரை உள்ள டப்பாவாகப் பார்த்து, பேட்ச் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

## எப்போதும் அசதி, கிரவுண்டுக்கு வரவே பிடிக்கவில்லை

### சமீபத்தில் காய்ச்சல் வந்து போனதா?

மழைக்காலத்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். டெங்குவோ டைபாய்டோ வந்து எழுந்தவர் மருத்துவர் சொல்லும் வரை கபடி, கால்பந்து போன்ற மோதல் ஆட்டம் ஆடக்கூடாது. ஆட அனுமதி கிடைத்த பிறகும் முதல் வாரம் பாதி வேலைதான். செலக்‌ஷன் வருகிறது என்று அவசரப்பட்டவர்கள் இரண்டு மடங்கு நாளை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

### காய்ச்சல் இல்லை, ஓட்டம் மட்டும் மந்தமாகிறது

காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடுதலாக நாலைந்து நாள் நின்றால், அந்த வாரத்தை லேசாக்குங்கள். தூக்கமும் சாதமும் மேலே சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரி, மூச்சு மட்டும் சீக்கிரம் வாங்குகிறது, படி ஏறினால்கூடப் படபடக்கிறது என்றால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பெண் பிள்ளைகளிடம் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஓடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கிலும் வியர்வையிலும் இரும்பு போகிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் பெண்களுக்கு இரத்தசோகை, ஆண்களுக்கு 13-க்குக் கீழே. ஆனால் ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகிவிடும், அதனால் அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 800 மீட்டர் ஓடும் ஒரு பெண் ஒரு வருஷமாக நேரம் கூடிக்கொண்டே போனாள். சோம்பேறி என்று எல்லோரும் திட்டினார்கள். ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் மட்டும் தரைமட்டம். அந்தப் பிள்ளையைத் திட்டியதில் நானும் இருந்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இரும்பு மாத்திரையை அளவு தெரியாமல் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள், மருத்துவர் எழுதித் தரட்டும். வீட்டில் செய்யக்கூடியது: டிபனோடு டீ, காபி குடிப்பதை நிறுத்தி ஒரு மணி நேரம் தள்ளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் கீரையைவிட வேகமாக உடம்பில் சேரும்.

### மாதவிலக்கு நின்றிருக்கிறது

மூன்று மாதம் வரவில்லை என்றால் அன்றைக்கே மகளிர் மருத்துவரிடம். "நல்லா டிரெயினிங் பண்றா, அதான் நின்னிருக்கு" என்று சொல்கிற பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும், உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாகப் பிள்ளை சாப்பிடுகிறாள் என்பதன் அடையாளம். எலும்பு பலவீனமாவது அடுத்த படி. இதைப் பிள்ளையிடம் கேட்கத் தயங்குகிற ஆண் பயிற்சியாளர்கள், அம்மாவிடமோ உடற்கல்வி ஆசிரியையிடமோ சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.

### ஓடும்போது மயங்கி விழுந்தது, நெஞ்சு வலி

இதில் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதெல்லாம் இல்லை. பயிற்சியை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். இசிஜி, எக்கோ எடுத்து அவர் சரி என்று எழுதித் தரும் வரை கிரவுண்டுக்குள் வரக்கூடாது.

## கால் பிடிக்கிறது, வெயிலில் தள்ளாடுகிறது

### ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் கெண்டைக்கால் பிடிக்கிறது

அந்த நொடியில் செய்ய வேண்டியது நீட்டுவது. காலை நேராக வைத்துப் பாதத்தைத் தன் பக்கம் இழுத்து முப்பது நொடி பிடியுங்கள். ஓங்கி அடிப்பதும் குத்துவதும் வேண்டாம்.

பிறகு காரணம். பயிற்சியில் இருபது நிமிடம் ஆடிவிட்டு மேட்சில் நாற்பது நிமிடம் ஆடுகிறீர்களா? அப்படியானால் தசை களைத்துப் பிடிக்கிறது, உப்பு தண்ணீரால் மட்டும் போகாது. பயிற்சி ஆட்டத்தின் நீளத்தைக் கூட்டுங்கள், கெண்டைக்கால் பயிற்சியைச் சேருங்கள்.

பனியன் காய்ந்ததும் வெள்ளைக் கோடு தெரிகிறதா? அப்போது உப்பையும் பாருங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும், ஈரத் துணியைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால், அதாவது இரண்டு சதவீதத்தைத் தாண்டினால், ஆட்டம் தடுமாறும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்புப் போட்ட மோர், உப்புப் போட்ட வடிகஞ்சி, நீராகாரம் எல்லாமே இதற்கு ஏற்றவை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தும் வைத்துக்கொள்ளலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் வியர்த்துக் கொட்டியவருக்கு இளநீர் மட்டும் போதாது, கூடவே உப்புள்ளது ஏதாவது சாப்பிட வேண்டும்.

பயிற்சி முடிந்தபோது எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள். கூடவே தலைவலி, வாந்தி, குழப்பம் இருந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

### பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான்

இது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று நினைக்காதீர்கள். ஓடி விழுகிறவனுக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும். 108-ஐ அழையுங்கள், ஆனால் வண்டி வரும் வரை காத்திருக்காதீர்கள். உடம்பை அங்கேயே குளிர வையுங்கள். கழுத்து வரை அமுங்குகிற தொட்டியோ டிரம்மோ இருந்தால் ஐஸ் போட்ட தண்ணீரில் இறக்கித் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு, ஐஸ் தண்ணீரில் முக்கிய துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு நிமிடத்துக்கு நிமிடம் மாற்றி, விசிறுங்கள். நினைவு சரியில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் குளிர வைப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது. இந்த வரிசை உயிரைக் காப்பாற்றும்.

கத்திரி வெயிலில் பக்கத்து மீன் கடையிலிருந்து ஒரு பெட்டி ஐஸ் வாங்கிக் கிரவுண்டில் வைக்காமல் நான் பயிற்சி தொடங்குவதில்லை. சென்னையில் வெயில் குறைந்த மாலையிலும் காற்றில் ஈரம் நிற்பதால் வியர்வை ஆறாது. கடற்காற்று தாமதமாக வரும் நாளில் இன்னும் மோசம். லீவு முடிந்து வருகிறவர்களுக்கும் மலை ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கும் உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். முதல் நாளே முழு வேலை கொடுக்காதீர்கள்.

## முட்டி வலிக்கிறது

### முட்டிச்சில்லுக்குக் கீழே ஒரு விரல் வைக்கும் இடத்தில், குதித்தால் வலி

வார்ம் அப் ஆனதும் குறையும், மறுநாள் காலை படி இறங்கும்போது திரும்ப வரும். வாலிபால், கபடிக்காரர்களிடம் இது சகஜம், தசைநார் வலி. கடந்த ஒரு மாதத்தில் குதிக்கும் எண்ணிக்கை திடீரென்று கூடியதா, சிமெண்ட் தரைக்கு மாறினீர்களா என்று நோட்டைப் பாருங்கள்.

முழு ஓய்வு இதைச் சரிசெய்யாது. நின்றால் வலி போகும், திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி வரும். குதிப்பதை மட்டும் பாதியாக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் 45 நொடி, ஐந்து முறை செய்யுங்கள். அப்புறம் மூன்று நொடி இறங்கி மூன்று நொடி ஏறும் மெதுவான ஸ்குவாட், வாரம் மூன்று நாள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வரை இருக்கலாம், ஆனால் 24 மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் எடையைக் குறையுங்கள். மூன்று மாதம் ஆகும். ஆறு வாரத்தில் துளியும் மாற்றமில்லை என்றால் ஃபிசியோவைப் பாருங்கள். இதற்கு எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ தேவையில்லை.

பதினொன்று முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் அது வளர்ச்சிக் காலத்துத் தொல்லை. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் வளர்ந்ததும் போகும். அழுத்தித் தேய்க்காதீர்கள்.

### திரும்பும்போது 'டப்' என்று சத்தம், அன்றைக்கே வீங்கியது

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் அறுந்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க முடியும், அதுதான் ஏமாற்றுகிறது. சரியாகிவிட்டது என்று ஆட வந்து, மறுபடி முட்டி விலகி, சவ்வையும் கிழித்துக்கொண்டவர்கள் பலர். உருவுவதும் கட்டுப் போடுவதும் அறுந்ததைச் சேர்க்காது. அந்த வாரத்திலேயே எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ காட்டுங்கள். நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே. முட்டி பாதியில் சிக்கி நீட்ட முடியாமல் நின்றாலும் தாமதிக்க வேண்டாம்.

## கணைக்கால் எலும்பில் வலி

எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால் ஓட்டத்தைப் பாதியாக்கி, தார் ரோட்டைவிட்டு மண் தரைக்கு மாறி, தேய்ந்த ஷூவை மாற்றுங்கள். நாலைந்து வாரத்தில் குறைய வேண்டும்.

ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், ஒற்றைக் காலில் எம்பினால் உயிர் போனால், ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், ஓடுவதை அன்றோடு நிறுத்துங்கள். எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். "எக்ஸ்ரே நார்மல்" என்று திரும்பி வந்து ஓடாதீர்கள், எம்ஆர்ஐ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வைட்டமின் டி-யும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரிலும் குறைபாடு இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் மாதவிலக்கு பற்றிச் சொன்னதை இங்கேயும் கேட்க வேண்டும்.

## இடுப்பு வலி

டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது) போட்ட மறுநாள் இரண்டு பக்கமும் இறுக்கமாக இருந்தால் நடந்துகொண்டே இருங்கள், படுத்துவிடாதீர்கள். ஒரு வாரத்தில் போய்விடும். இருபது வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு, பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும் வலித்து இரண்டு வாரம் தாண்டினால் பந்து வீசுவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். பந்து வீசுகிறவர்களுக்கு முதுகெலும்பில் விரிசல் பெரும்பாலும் இந்த வயதில்தான் வரும். காலில் பலம் குறைவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் அடங்காமல் போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

## உடம்பு வலி தாங்க முடியவில்லை

புதிய பயிற்சிக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை வலிக்கும். லேசாக நடந்து, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும்.

### தசை கல் மாதிரி வீங்கி, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறது

நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே அளவு மீறிச் செய்தவர்களுக்கு வருவது. தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக 500 பஸ்கி போடச் சொல்கிற வழக்கம் சில கிரவுண்டுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். வலி மாத்திரை போடாதீர்கள், அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன பயிற்சி, எத்தனை, எந்த நேரத்தில் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். 'உடம்பு வலி' என்று தொடங்கினால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். சிறுநீரின் நிறத்தை முதல் வார்த்தையாகச் சொல்லி, தசை உடைந்தால் இரத்தத்தில் கூடுகிற சிகே அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.